கதவை விட்டு விலகி நிற்கவும்

என் தங்கை இறந்துபோன பிறகு அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது நீதிமன்றக் கட்டடத்தின் லிப்டுக்குள். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உள்ளே நின்றிருந்தோம். வழக்கு நான்காவது மாடியில். இரண்டு பக்கத்துக் கதவுகளும் ஒன்றை ஒன்று தேடி வந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேலே இருந்த சின்னச் சல்லடைக்குள்ளிருந்து அவள் சொன்னாள்: "கதவு மூடுகிறது. கதவை விட்டு விலகி நிற்கவும்."

எங்களோடு ஏறியிருந்த குமாஸ்தா ஒருவர் கையிலிருந்த காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா மேலே பார்த்தார், மழை வருமா என்று பார்ப்பவரைப் போல.

"நான்காம் தளம்," என்றாள் தங்கை.

எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை இது. அவள் தொழிலே அதுதான். லிப்டும் தானாக மூடும் கதவுகளும் செய்கிற ஒரு கம்பெனிக்காக, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து கொடுத்திருந்தாள். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவள் குரல்தான். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். காலையில் வாயைத் திறந்தால் தூங்கும்வரை நிற்காது. பதிவு முடிந்து வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல், "இந்த ஊர்ல பன்னிரண்டு மாடிக்கு மேல கட்டடமே இல்ல. என்னை நாற்பது வரைக்கும் சொல்ல வச்சுட்டாங்க. யாரும் ஏறாத மாடிக்கெல்லாம் நான் போயிட்டு வந்துட்டேன்," என்றாள்.

"மேல என்னடி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. காத்துதான்."

விசாரணை நடந்த நாட்களில், மதிய இடைவேளையில் அப்பாவைக் காணவில்லையென்றால் நான் லிப்டின் முன்னால் போய் நிற்பேன். கதவு திறக்கும்; உள்ளே அவர் தனியாக இருப்பார். எல்லாப் பொத்தான்களையும் அழுத்தியிருப்பார். நீதிமன்றச் சேவகர் ஒருவர் முதலில் சத்தம் போட்டார். "பெரியவரே, எந்த மாடிக்குத்தான் போகணும் உங்களுக்கு?"

"எல்லா மாடிக்கும்," என்றார் அப்பா.

தங்கையைக் கொன்றவன் ஒரு குழாய் ரிப்பேர்க்காரன். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனவன், அடுத்த வாரம் ஒரு மதியம், வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்து அம்மாவின் நகைக்காகத் திரும்பி வந்திருக்கிறான். தங்கை உள்ளறையில் இருந்தாள். வெளியே வந்தவள், வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்ற அவனைப் பார்த்தாள். இதெல்லாம் அவனே கூண்டில் நின்று சொன்னதுதான்.

"அவங்க கத்தலைங்க," என்றான் குழாய்க்காரன். "கத்தியிருந்தா நான் ஓடியிருப்பேன். ரொம்ப நிதானமா, அறிவிப்பு சொல்ற மாதிரி, 'கதவை விட்டு விலகி நில்லுங்க'ன்னாங்க. எனக்கு என்னவோ ஆயிடுச்சு. விலகியிருந்தா போயிருப்பாங்க. விலகியிருக்கணும்."

பயம் வந்தால் அவளுக்கு அந்தக் குரல்தான் வரும். சின்ன வயதில் நாய் துரத்தியபோதும் அப்படித்தான் அந்த நாயிடம் பேசினாள். அது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். நீதிபதி, "நிதானமாகச் சொன்னார்" என்று எழுதிக்கொண்டார்.

தூக்கு என்று தீர்ப்பு வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூட வாத்தியார். வரலாறு நடத்தினார் என்றாலும், அவர் உயிர் முழுக்கப் பேச்சுப் போட்டியில்தான். வீட்டிலும் விட மாட்டார். சாப்பாட்டு மேசையில் ஏதாவது ஒரு தலைப்பைப் போடுவார். ஒரே ஒரு விதிதான்: அவரவர் நம்பாத பக்கத்தைத்தான் பேச வேண்டும். "நம்புற பக்கத்தை எந்தக் கழுதையும் பேசும்," என்பார். தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பது வருஷத்துக்கு ஒரு முறையாவது வரும். அப்பா வேண்டாம் என்கிற கட்சி. அதனால் வேண்டும் என்று முழங்குவார். அம்மா வேண்டும் என்கிற கட்சி, அதனால், "சரி, வேணாம். போட்டீங்கன்னா தட்டைக் கழுவ ஆள் குறையும்," என்று முடித்துவிடுவாள். ரேடியோ எப்போதும் வேண்டும் என்ற பக்கம்தான் பேசினாள். பேசிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கோப்பையும் வாங்கினாள்.

தீர்ப்புக்குப் பிறகு அந்த மேசையில் யாரும் தலைப்புப் போடவில்லை. போடாமலே அது நடந்தது.

"அவ அதுக்காகப் பேசிக் கோப்பையே வாங்கினவ," என்பாள் அம்மா. அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். பேச ஏதாவது இருந்தால் தையல் மிஷின் நிற்கும். பேசி முடித்ததும் ஓடும்.

"அவ நம்பாததாலதான் அந்தப் பக்கம் கொடுத்தேன்," என்பார் அப்பா.

"உங்களுக்குச் சொன்னாளா நம்பலைன்னு?"

"விதியே அதுதானே."

"விதியாம் விதி. பெத்த பொண்ணைக் கொன்னவன் சோறு திங்கலாம்னு சொல்ற அப்பன் உலகத்துல நீங்க ஒருத்தர்தான்."

மிஷின் ஓடும். அப்பா நாளிதழைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். நான் எந்தப் பக்கம் என்று இருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. அடுத்தவர் எழுதியதில் தப்பிருந்தால் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

மேல்முறையீடுகள் வருஷக்கணக்கில் இழுத்தன. எல்லாம் தள்ளுபடியாகி, கடைசியாகக் கருணை மனு மட்டும் மிச்சமிருந்தது. அந்தச் சமயத்தில்தான் குழாய்க்காரனின் வக்கீலம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். வாசலிலேயே நின்று, "என்னை உள்ள விடலைன்னாலும் தப்பா எடுத்துக்க மாட்டேன்," என்றார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா மிஷினை விட்டு எழவில்லை.

"ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன்," என்றார் வக்கீலம்மா. "புத்தி பேதலிச்சவனைத் தூக்குல போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அவனுக்குப் பேதலிச்சுப் போச்சுன்னு டாக்டர்கள் நினைக்கிறாங்க. கொல்லப்பட்டவங்க குடும்பமும் ஆட்சேபிக்கலைன்னா மனு நிச்சயம் நிக்கும்."

"நடிக்கிறான்," என்றாள் அம்மா.

"நடிப்புன்னுதாம்மா அவங்களும் முதல்ல நினைச்சாங்க. மாசக்கணக்கா மறைஞ்சு நின்னு பார்த்திருக்காங்க. தூக்குக் கைதிகளுக்குன்னு புதுசா ஒரு கட்டடம் கட்டி அங்க மாத்துனாங்க. அன்னையிலேர்ந்துதான் இது. கதவு பேசுதுங்கறான். உங்க பொண்ணு பேசறாங்கறான். நடைக்கதவு ஒவ்வொரு தடவை மூடும்போதும் அவங்க வந்து 'விலகி நில்லு'ங்கறாங்களாம். இவன் எழுந்து சுவர் ஓரமா ஒட்டிக்கிட்டு, 'விலகிட்டேன்மா, விலகிட்டேன்மா'ங்கறான். தூங்கறதில்ல. சாப்பிடும்போது கதவு மூடினா தட்டை வச்சுட்டு எழுந்துக்கறான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். மிஷின் சக்கரத்தின் மேல் அம்மாவின் கை அப்படியே இருந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் அப்பாவைப் பார்த்தாள். அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம்; மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஒன்று தெரிந்துவிட்டது. நான்காமவர் பையிலிருந்து காகிதம் எடுத்துக்கொண்டிருந்தார்.

புதுக் கட்டடம். புதுக் கதவுகள். எந்தக் கம்பெனிக் கதவுகள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவன் சரிசெய்த அதே குழாய். ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்து வக்கீலம்மாவிடம் நீட்டினாள்.

"நாங்க ஆட்சேபிக்கல," என்றாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

வக்கீலம்மாவின் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அதை மெதுவாக உருவிக்கொண்டாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா கதவைத் தாழ்போட்டாள்.

"ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

"அவன் பைத்தியமில்ல," என்றார் அப்பா. "அவன் கேக்கறது நிஜம்."

"நிஜம்தான். கேக்கட்டும். நூறு வயசு இருந்து கேக்கட்டும். தூக்குன்னா ஒரு நிமிஷம். இது தினமும். என் பொண்ணு அவனை விடல பாருங்க, அவ கெட்டிக்காரி."

"இதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"தெரியாது. நீங்க வாத்தியார், பேரு வச்சுக்குங்க. தூக்கு வேணாம்னு இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்துனீங்க. இப்ப நானும் வேணாங்கறேன். சந்தோஷப்படுங்களேன்! ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

அவர் முகம் போன போக்கு எனக்குப் புரிந்தது. பொய்யைச் சும்மா விட்டால் அவன் பிழைப்பான். உண்மையைச் சொன்னால் தொங்குவான். ஆயுசு முழுக்க ஒரே பக்கம் நின்ற மனுஷனை, அந்தப் பக்கத்திலேயே நிற்க வேண்டுமானால் வாயை மூடிக்கொள் என்று யாரோ சொன்னது போலிருந்தது. எனக்கோ இன்னொன்றும் தோன்றியது. சொல்லிவிட்டால், அந்தக் குரலையும் அங்கிருந்து கழற்றிவிடுவார்கள்.

சில நாள் கழித்து அப்பா, "நான் அதைக் கேக்கணும்," என்றார். வக்கீலம்மாவிடம், அவனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுமதி வாங்கச் சொன்னார். அம்மா வரவில்லை. "போயிட்டு வாங்க. ஆனா போன மாதிரியே வாயை மூடிக்கிட்டு வாங்க," என்றாள்.

சிறையின் பழைய பகுதியைத் தாண்டிப் போனால் அந்தப் புதுக் கட்டடம். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. வெளிர் பச்சைச் சுவர், வழவழத்த தரை, பினாயில் வாடை. நீளமான நடை, அதைக் குறுக்கே மறித்து, பக்கவாட்டில் ஓடி மூடும் கம்பிக் கதவுகள். அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் அறைகள். கனத்த மீசை வைத்த வார்டர் ஒருவர் எங்களோடு வந்தார். நல்ல மனுஷர். நாங்கள் யாரென்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. குரல் யாருடையது என்பது அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

"கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க ஐயா," என்றார். "இல்லைன்னா மேடம் திட்டுவாங்க."

"எந்த மேடம்?" என்றேன்.

"இருங்க, சொல்லுவாங்க." சுவரிலிருந்த விசையைத் தட்டினார்.

கதவு நகர்ந்தது. "கதவு மூடுகிறது," என்றாள் என் தங்கை. "கதவை விட்டு விலகி நிற்கவும்."

லிப்டுக்குள் அவள் குரல் பஞ்சில் பொதிந்தது போலிருக்கும். இங்கே அந்த நடை முழுக்க அவள் ஒருத்தியாக நடந்து போனது போலிருந்தது. எங்களைத் தாண்டி, அறைகளைத் தாண்டி, கடைசிச் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். அவள் திரும்புவதற்குள் உள்ளே ஓர் அறையிலிருந்து பதில் வந்தது.

"விலகிட்டேன்மா."

"அதாங்க அவன்," என்றார் வார்டர், குரலைத் தாழ்த்தி. "எங்களுக்கே பழகிப் போச்சு. மேடம் சொன்னதும் கால் தானா ஒரு அடி பின்னால போகும். வீட்டுல என் சம்சாரம் கதவைச் சாத்தினாக்கூட நான் நகர்ந்துக்கறேன். அவ சிரிக்கறா."

அப்பா நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை மூடறீங்களா?" என்றார்.

வார்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். திறந்து மூடினார். அவள் பேசினாள். அவன் பதில் சொன்னான்.

"இன்னொரு தடவை."

எனக்கு அந்த லிப்ட் ஞாபகம் வந்தது. எல்லாப் பொத்தான்களும் எரிய, உள்ளே தனியாக நின்ற அப்பா. அதே முகம்தான் இப்போதும். வாய் கொஞ்சம் திறந்து, தலை சாய்ந்து. நானும் அப்படித்தான் நின்றிருந்தேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது. எத்தனை முறை என்று எண்ணவில்லை. கதவு போய்ப் போய் வந்தது. அவள் அலுக்காமல் சொன்னாள். உயிரோடு இருந்தபோதும் அவள் எதையும் திரும்பச் சொல்ல அலுத்ததில்லை.

அப்போது அந்த அறையிலிருந்து, மெல்லிய குரலில், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது போல அவன் கேட்டான்:

"இன்னைக்கு ஏன்மா இத்தனை தடவை? நான் விலகித்தானே நிக்கறேன்?"

அப்பாவின் கை சுவரைத் தேடியது. வார்டர் நாற்காலி கொண்டுவர ஓடினார். அப்பா உட்காரவில்லை. "டாக்டர் எங்க இருக்கார்?" என்றார்.

"அப்பா, வேணாம்," என்றேன். எதை வேண்டாம் என்றேனோ தெரியாது. உண்மையையா, அவள் குரல் போய்விடுவதையா.

"நாம என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்னு பார்த்தியா?" என்றார்.

டாக்டர் அறையில் வக்கீலம்மாவும் இருந்தார். அப்பா நின்றபடியே, வகுப்பில் பேசுவது போல, மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, கதவில் பேசுவது என் மகள். பதிவு செய்த குரல். அதனால் அவன் பைத்தியமில்லை. இரண்டு, அந்தக் குரலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எந்த மனுஷனுக்கும் அப்படிச் செய்யக் கூடாது. மூன்று, அவன் புத்தியோடுதான் இருக்கிறான், புத்தியோடு இருப்பவனையும் கொல்லக் கூடாது. கொல்லப்பட்டவளின் அப்பனாகக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வக்கீலம்மா எழுந்துவிட்டார்.

"ஐயா, என்ன பண்ணிட்டீங்க?"

"உண்மையைச் சொன்னேன்மா."

"யாரு கேட்டாங்க உங்களை? அவனைக் காப்பாத்த எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

"அது பொய்யாச்சே. என்னோட மூணாவது காரணம் இருக்கே. அதைச் சொல்லுங்க, அதுதானே உண்மையான வாதம்?"

வக்கீலம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபம்கூட இல்லை அதில்.

முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி ஆட்கள் வந்து அந்தக் கட்டடத்துக் கதவுகளில் குரலைக் கழற்றிவிட்டு, வெறுமனே உறுமுகிற ஒரு மணியை வைத்தார்கள். குழாய்க்காரன் ஒரு வாரத்தில் தூங்க ஆரம்பித்தான், தெளிவாகப் பேசினான். பைத்தியமில்லை என்று டாக்டர்கள் எழுதினார்கள். அப்பா கருணை மனுவோடு தன் கைப்பட எழுதி அனுப்பிய மூன்றாவது காரணத்துக்குப் பதில் வரவில்லை. மனு தள்ளுபடி என்ற சேதிதான் வந்தது.

அன்று அம்மா மிஷினை நிறுத்தினாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"ஜெயிச்சுட்டீங்க வாத்தியாரே. உங்க விதிப்படியே, நம்பாத பக்கத்துக்காகப் பேசி ஜெயிச்சுட்டீங்க. அவனைத் தூக்குல ஏத்திட்டீங்க." அப்புறம், குரல் உடைந்து, "அவளையும் அங்கேர்ந்து வெளியேத்திட்டீங்க," என்றாள்.

அப்பா அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவார்.

தூக்கைப் பார்க்கக் குடும்பத்தில் ஒருவர் வரலாம் என்று சிறையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். "அவ இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?" என்றாள் அம்மா. அப்பாவால் நடக்கவே முடியவில்லை. "யாராவது ஒருத்தர் பார்க்கணும்," என்றார் என்னிடம். "எனக்காக."

நான் போனபோது நல்ல வெயில் ஏறியிருந்தது. அதே வெளிர் பச்சை நடை. அதே வார்டர். என்னைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா. அன்னைக்குத் தெரியாம ஏதேதோ சொல்லிட்டேன்," என்றார். விசையைத் தட்டினார். கதவு உறுமிக்கொண்டு மூடியது. அவர் கால் அப்போதும் ஓர் அடி பின்னால் போனது. என் காலும்.

நடையின் கடைசியில் இருந்த அறைக்குள் என்னை உட்கார வைத்தார்கள். சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு. சிறை அதிகாரி, டாக்டர், வக்கீலம்மா. புதுப் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை; அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் தூக்கு. எதிரே கொஞ்சம் உயர்ந்த மேடை, அதன் நடுவில் தரையோடு தரையாக ஒரு சதுரப் பலகை. மேலே பார்க்கவில்லை நான்.

அவனைக் கூட்டிவந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சிறியவனாக இருந்தான். பெஞ்சில் என்னைப் பார்த்துக் கைகூப்ப முயன்றான். கை பின்னால் கட்டியிருந்தது. முகத்துக்குத் துணி போட்டார்கள். தோளைப் பிடித்துப் பலகையின் நடுவில் நிறுத்தினார்கள். அதிகாரி தலையசைத்தார். அந்த அறையின் கதவை மூட ஒருவர் விசையைத் தட்டினார்.

கட்டடம் முழுக்கக் குரலை மாற்றியவர்கள் தினமும் ஓடுகிற கதவுகளை மட்டும் பார்த்து மாற்றியிருக்கிறார்கள். ஒரு நாளும் திறக்காத ஒரு கதவை யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர்களுக்கு அதைத் திறந்து காட்டவும் யாருக்கும் மனசில்லை.

"கதவு மூடுகிறது," என்றாள் என் தங்கை.

இதுவரை ஒரு முறைகூடப் பேசாத வாயிலிருந்து பேசினாள். தூசி இல்லை, எதிரொலி இல்லை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது போலிருந்தது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"கதவை விட்டு விலகி நிற்கவும்."

துணிக்குள்ளிருந்து, "விலகிட்டேன்மா," என்றான் அவன். ஓர் எட்டு எடுத்து வைத்து, அந்தச் சதுரத்தை விட்டு வெளியே வந்து நின்றான்.

யாரும் அசையவில்லை. தூக்குப் போடுகிறவர் கையை நெம்புகோலில் வைத்தபடி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி டாக்டரைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க அவன் பலகைக்கு வெளியே, முதுகை நேராக வைத்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். இன்னொரு முறை சொல்லடி, என்று நான் கேட்டுக்கொண்டேன் மனசுக்குள். இன்னொரு முறை சொன்னால் இன்னொரு எட்டு போவான். ஆனால் கதவு மூடி முடித்திருந்தது. மூடிய கதவு பேசாது.

மீசை வைத்த வார்டர்தான் போய் அவன் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, இந்தப் பக்கம்," என்றார் மெதுவாக. அவன் வந்தான்.

வீட்டுக்கு நான் திரும்பியபோது அப்பா வாசலில் இருந்தார். உள்ளே மிஷின் ஓடவில்லை. நடந்ததைச் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன்; எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும். அம்மா கேட்டுக்கொண்டே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் விலகி நின்ற இடம் வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எப்படி இருந்தா?" என்றாள்.

"நல்லா இருந்தாம்மா. தெளிவா இருந்தா."

அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவரிடம் அவள் நேராகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

"அந்த ஒரு கதவு இருக்கு," என்றாள். "அதுல அவ இருக்கா. அவங்களுக்கா மாத்தத் தோணினா மாத்தட்டும். நாம போய்ச் சொல்ல வேண்டாம். உங்க காலைப் பிடிச்சுக்கறேன். சொல்லாதீங்க."

அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எந்த மனுஷனுக்கும் அப்படிச் செய்யக் கூடாது என்று, நின்றபடி சொன்னவர் அவர். அவர் வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அன்று அவர் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிறகு அப்பா போனார், அம்மா போனாள். இருவரும் இருக்கும்போதே ஒரு முறை, வேறெங்கோ வேறெதற்காகவோ தண்டனை பெற்ற ஒருவனை அந்தச் சிறையில் தூக்கிலிட்டதாக டிவியில் சொன்னார்கள். செய்தி வாசித்த பெண் ஒரு வரியில் முடித்துவிட்டு வானிலைக்குப் போனாள். அம்மா எழுந்து டிவியை அணைத்தாள்.

"பேசியிருப்பா, இல்ல?" என்றாள்.

"பேசியிருப்பா," என்றார் அப்பா.